1890களின் விஸ்கி பாட்டில் ஏலத்துக்கு வருகிறது: அப்பாவின் மனைப் பணத்தைப் போடலாமா?

வாலாஜாக்காரன் எழுதியது:

வணக்கம். இருப்பது வேலூர் சத்துவாச்சாரி, சொந்த ஊர் வாலாஜா. ஏலத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. வீட்டில் பேசிப் பேசி எல்லாரும் ஓய்ந்துவிட்டோம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பி இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். நாலு வருஷமாகப் பழைய விஸ்கி பாட்டில்களை வாங்கி, வைத்திருந்து விற்கிறான். எல்லாம் 200, 300 பவுண்டு பாட்டில்கள். பெரும்பாலும் லாபம்தான், நஷ்டம் வந்தபோதும் மறைக்காமல் சொல்லியிருக்கிறான். இப்போது அங்கே ஒரு ஏலக் கம்பெனியின் பட்டியலில் ஒரு பாட்டில் வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஸ்பேசைட் பக்கத்து சிங்கிள் மால்ட் (முளைகட்டிய பார்லியில் மட்டும் ஒரே ஆலையில் வடித்த விஸ்கி), 1890களில் வடித்தது என்று போட்டிருக்கிறார்கள். மதிப்பு 8,000 முதல் 12,000 பவுண்டு. கமிஷனும் சேர்ந்தால் நம் பணத்தில் 12, 14 லட்சம் ஆகும்.

அவனிடம் அவ்வளவு பணம் இல்லை. அப்பாவிடம் இருக்கிறது. போன வருஷம் வாலாஜாவில் இருந்த மனையை விற்றோம். அப்பா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் சீட்டு எடுத்து வாங்கிய இடம். வாங்க வந்தவர் எங்களைப் படாத பாடு படுத்திவிட்டார். தாய்ப்பத்திரம் கேட்டார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார், ஒரு பழைய பாகப்பிரிவினையில் சந்தேகம் என்று ஆரணியிலிருந்து எங்கள் அத்தையைக் கூட்டிவரச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மூன்று மாதம் அலைந்தோம். அந்தப் பணம்தான் இப்போது பேங்கில் கிடக்கிறது.

அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. சாராய பாட்டிலில் பணமா என்று முதலில் தயங்கினார். ஆனால் சின்னவன் மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். "அவன் விவரம் தெரிஞ்சவன், குடிக்கவா கேக்கறான், தங்கம் மாதிரி வாங்கி வைக்கிறான்" என்று இப்போது பாதி மனசு ஆகிவிட்டார். 2023 நவம்பரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் மெக்காலன் என்ற ஸ்காட்ச் கம்பெனியின் 1926 பாட்டில் ஒன்று 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனதை தம்பி சொல்லிக் காட்டினான். அது உண்மைச் செய்திதான், நானும் பார்த்தேன்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. படங்களை அனுப்பியிருக்கிறான். பச்சைக் கண்ணாடி, அரக்கு வைத்த கார்க், பழுப்பேறிய லேபிள், அதன் கீழ் மூலையில் காபி சிந்தியது மாதிரி ஒரு கறை. சரக்கு கழுத்து வரை நிற்கிறது. யாரிடமிருந்து வந்தது என்ற இடத்தில் 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு' என்று மூன்றே சொல். வாலாஜாவில் அரை கிரவுண்டு மனைக்கு அத்தையைக் கூட்டிவரச் சொன்னார்கள், இதற்கு மூன்று சொல் போதுமா என்று தம்பியிடம் கேட்டேன். "இந்தத் துறையில் இப்படித்தான் அண்ணா" என்கிறான்.

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அவனை யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். இந்த மாதிரிப் பழைய பாட்டில் அசலா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மண்டித்தெரு எழுதியது:

அண்ணா, எங்களுக்கு வேலூரில் காயலான் கடை. அப்பா காலத்திலிருந்து பாட்டில்தான் எங்கள் சோறு. விஸ்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பாட்டில் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

காலி பாட்டில் கிலோ கணக்கில் போகும். ஃபாரின் பாட்டில் மட்டும் தனி. மூடியோடு இருந்தால் ஒரு விலை, அட்டைப் பெட்டியோடு இருந்தால் அதைவிட அதிகம். கேட்டு வருகிறவர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, ஆனால் தெரியும். ஒருமுறை அப்படிப் போன பாட்டில் ஒன்று கல்யாண வீட்டுக்கு நிரம்பித் திரும்பி வந்ததை அப்பாவே பார்த்துவிட்டார். மூடியில் இருந்த கீறலை வைத்து அடையாளம் கண்டார். அதிலிருந்து ஃபாரின் பாட்டில் வந்தால் கழுத்தைத் தட்டி உடைத்துத்தான் போடுகிறோம். நான் சொல்ல வருவது, பாட்டில் நிஜமாகவே பழசாக இருக்கலாம். உள்ளே இருப்பதற்கு அது சாட்சி ஆகாது.

இன்னொன்று. பாட்டிலின் பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு ஒன்று ஓடும், தையல் மாதிரி. விரலால் தடவினால் தெரியும். கையால் வாய் செய்த பழைய பாட்டிலில் அந்தத் தையல் கழுத்தோடு நின்றுவிடும், வாயைத் தனியாகச் சுற்றி முடித்திருப்பார்கள். முழுக்க மெஷினில் செய்த பாட்டிலில் தையல் வாய் விளிம்பு வரை ஏறும். அந்த மெஷினே அமெரிக்காவில் 1903 வாக்கில்தான் வந்தது. உங்கள் பாட்டிலில் தையல் விளிம்பைத் தாண்டினால் 1890 என்ற பேச்சே கிடையாது. கழுத்தில் நின்றால் கண்ணாடி பழசு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கு வாயை மூடியிருப்பதால் படத்தில் தெரியாது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டை கெமிஸ்ட் எழுதியது:

தம்பி, நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை லேப்பில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். மண்டித்தெரு தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளியிடம் தோல் எடுக்கிற ஜெர்மனிக்காரர் ஒருவர் எண்பதுகளில் ஒரு ஸ்காட்ச் பாட்டில் கொடுத்திருந்தார். முதலாளி குடிக்கமாட்டார். ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு வருஷம் அப்படியே இருந்தது. அவர் பிள்ளைக்கு அதன் மேல் ஏதோ சந்தேகம், யாருக்கும் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து 'பாருங்க சார்' என்றார். லேபிளில் 40 சதவீதம் என்று இருந்தது. 100 மில்லி அளந்து எடுத்து, வடித்து, வடிந்ததைத் தண்ணீர் விட்டு மறுபடி 100 மில்லி ஆக்கி, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி பாட்டிலில் எடை பார்த்தேன். சாயமும் சர்க்கரையும் கலந்திருந்தால் நேரடி எடை பொய் சொல்லும், அதற்குத்தான் வடிப்பது. சாராயம் தண்ணீரைவிட லேசு, எடையை வைத்துச் சதவீதம் சொல்லிவிடலாம். 42.8 வந்தது. இரண்டாம் முறை செய்தேன், அதே 42.8. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நம் நாட்டுக் கம்பெனிகள் விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் அடைக்கிற அளவு அது. உங்கள் ஊர்க் கடை பாட்டில் எதையாவது திருப்பிப் பாருங்கள், 42.8 என்று போட்டிருக்கும். யாரோ ஸ்காட்சை எடுத்துக்கொண்டு உள்ளூர்ச் சரக்கை ஊற்றி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பெருமையாகக் காட்டினோம். நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் பார். 2017இல் அங்கே வந்த சீன எழுத்தாளர் ஒருவர் மெக்காலன் 1878 என்ற பாட்டிலிலிருந்து 2 சென்டிலிட்டர், அதாவது 20 மில்லி, கேட்டு வாங்கிக் குடித்தார். கொடுத்தது 9,999 பிராங்க். செய்தி படத்தோடு வெளியானதும் விஷயம் தெரிந்தவர்கள் கார்க்கும் லேபிளும் சரியில்லையே என்று கேள்வி எழுப்பினார்கள். ஹோட்டல்காரர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார். ஆக்ஸ்போர்டில் பார்த்ததில் 1970க்கும் 1972க்கும் இடையில் செய்தது என்று வந்தது. இன்னொரு லேப், இது சிங்கிள் மால்ட்டே இல்லை, 60 பங்கு மால்ட்டும் 40 பங்கு கிரெய்னும் (மற்ற தானியங்களில் வடித்தது) கலந்த பிளெண்ட்டாகவே இருக்க வேண்டும் என்றது. ஹோட்டல்காரர் சீனாவுக்கே போய் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதரை நான் மதிக்கிறேன். பாட்டில் அவர் அப்பா காசு கொடுத்து வாங்கியது, அவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

வருஷத்தை எப்படி இவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சோதனை எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது இதில்தான் இருக்கிறது. நெல்லோ பார்லியோ, அந்தப் பருவத்துக் காற்றிலிருந்துதான் கரியை எடுத்து வளர்கிறது. காற்றில் கார்பன்-14 என்று கதிரியக்கமுள்ள கரி மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவும் ரஷ்யாவும் வானத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததில் அந்த அளவு ஏறிக்கொண்டே போய், 1963, 64 வாக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963இல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தினார்கள், பிறகு வருஷா வருஷம் இறங்கியது. அதனால் அந்த வருஷங்களின் பார்லி ஒவ்வொன்றிலும் அந்தந்த வருஷத்து அளவு பதிந்திருக்கிறது. அந்தப் பார்லியில் வடித்த சாராயத்திலும் அது இருக்கும், பீப்பாயில் எத்தனை வருஷம் வைத்தாலும் மாறாது.

1950களுக்கு முந்தைய சரக்கு என்றால் இந்தக் கச்சிதம் போய்விடும். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 வருஷம் ஆகும், நூறு வருஷத்தில் குறைவது சொற்பம். போதாததற்குக் காற்றில் அதன் அளவு அந்த நூற்றாண்டுகளில் ஏறி இறங்கி ஏறி இருந்திருக்கிறது. ஆகவே லேப்பால் 'இது குண்டு வெடித்த பிறகு செய்தது' என்று அடித்துச் சொல்ல முடியும். 'இது 1890' என்று சொல்ல முடியாது, 1930ஆகவும் இருக்கலாம். இன்னொரு சங்கடம், பெட்ரோலும் நிலக்கரியும் எரித்து எரித்து காற்றில் கார்பன்-14 விகிதம் இப்போது குண்டுக்கு முந்தைய அளவுக்கே ஏறக்குறைய வந்துவிட்டது. இந்த வருஷம் விளைகிற பார்லியில் நாளைக்கு ஒருவன் வடித்து ஊற்றினால் அந்த ஒரு அளவை மட்டும் வைத்துப் பிடிப்பது சிரமம்.

லேபிளுக்கு வீட்டிலேயே செய்கிற சோதனை ஒன்று உண்டு. கடைகளில் நோட்டு பார்க்க ஊதா லைட் வைத்திருப்பார்களே, அது போதும். முன்பெல்லாம் வெள்ளை வேட்டிக்கு டினோபால் போட்டு அலசுவோம். அந்த மாதிரிப் பளிச்சென்று காட்டுகிற ரசாயனத்தைக் காகித ஆலைகளும் 1950 வாக்கிலிருந்து சேர்க்க ஆரம்பித்தன. ஊதா வெளிச்சத்தில் லேபிள் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பழைய காகிதம் இல்லை. ஒளிராவிட்டால்? பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளைக் கிழித்து லேபிள் போடுகிறவனும் இருக்கிறான்.

கவனித்தீர்களா தம்பி, நான் சொன்ன எல்லாச் சோதனையும் பொய்யைப் பிடிக்கும், எதுவும் அசல் என்று முத்திரை குத்தாது. மெக்காலன் கம்பெனியே 2000 வாக்கில் தன் பெயரிலுள்ள பழைய பாட்டில்களை ஏலங்களில் தேடித் தேடி வாங்கியது. சோதித்ததில் பல போலி என்று தெரிந்து அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சொந்தச் சரக்கை அடையாளம் காண அவர்களாலேயே முடியவில்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உங்கள் மனையை வாங்கியவர் மண்ணையா சோதித்தார்? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று வரிசையாகக் கேட்டார். பாட்டிலுக்கும் அதைத்தான் கேட்க வேண்டும். 1890களில் டிஸ்டிலரிகள் பெரும்பாலும் பீப்பாய் பீப்பாயாக பிளெண்ட் செய்கிறவர்களுக்குத்தான் விற்றன. சிங்கிள் மால்ட்டாகப் பாட்டிலில் அடைத்தது கொஞ்சம். அதிலும் யாரும் குடிக்காமல் நூற்று இருபது, முப்பது வருஷம் தப்பி வந்தது என்றால் யாரோ சிலர் காரணத்தோடு பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு ரசீது, ஒரு உயில், ஒரு பழைய ஏலப் பட்டியல், ஏதாவது ஒன்று இருக்கும்.

சரக்கு கழுத்து வரை நிற்பதாகச் சொன்னீர்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கார்க் மூச்சு விடும். அத்தனை வருஷத்தில் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும்.

வாலாஜாக்காரன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. உங்கள் பதிலை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 42.8 வந்த இடத்தில் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

தம்பிக்கும் அனுப்பினேன். கொஞ்சம் கோபப்பட்டான். பெரிய ஏலக் கம்பெனி, நிபுணர்கள் பார்த்துத்தானே பட்டியலில் சேர்ப்பார்கள், போலி என்றால் பணம் திருப்பித் தரமாட்டார்களா என்று கேட்கிறான். அது நியாயமான கேள்வி என்று எனக்கும் படுகிறது. இதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமா?

கிளாஸ்கோ அக்கா எழுதியது:

தம்பி, நான் வேலூர் சிஎம்சியில் நர்சிங் படித்தவள். இப்போது கிளாஸ்கோ பக்கம் இருபது வருஷமாக இருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் உங்கள் தம்பி மாதிரியே பழைய பாட்டில் வாங்குகிறவர், அதனால் இந்த வலி எனக்குத் தெரியும்.

அவர் ஒருமுறை அறுபதுகளின் பாட்டில் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். ஐந்து மாதம் கழித்து இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, லேபிளைப் புதிதாக ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் பசை பளபளக்கிறது என்றார். ஏலக் கம்பெனிக்கு எழுதினோம். புகார் சொல்லும் கெடு முடிந்துவிட்டது, விவரமெல்லாம் விற்றவர் தந்தது, எங்கள் கருத்து மட்டுமே என்று விதிமுறையில் ஒரு பத்தியைக் காட்டினார்கள். அந்தப் பத்தி ஏலத்துக்கு முன்னாலும் அங்கேயேதான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் கொடுத்த கமிஷன், அந்தக் கமிஷனுக்கு வரி, எதுவும் திரும்ப வரவில்லை. ஒவ்வொரு கம்பெனியின் விதியும் வேறு வேறு. உங்கள் தம்பி முதலில் அதை உட்கார்ந்து படிக்கட்டும். போலி என்று நிரூபணமானால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், யாருடைய சோதனையை ஏற்பார்கள், சோதனைச் செலவு யாருடையது. மூன்றுக்கும் பதிலை மெயிலில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். போனில் சொல்வது எதற்கும் ஆகாது.

நான் இருக்கும் இடத்திலிருந்து ஈஸ்ட் கில்பிரைட் பக்கம். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. ராணிப்பேட்டை ஐயா சொன்ன கார்பன் சோதனையை அங்கே செய்கிறார்கள். ரேர் விஸ்கி 101 என்ற நிறுவனம் ஏலங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் சேகரிப்பாளர்களிடமிருந்தும் வந்த 55 பாட்டில்களை அங்கே சோதித்து 2018 கடைசியில் முடிவை வெளியிட்டது. 21 பாட்டில் போலி, அல்லது சொன்ன வருஷத்தில் வடிக்காதது. அதில் 1900 அல்லது அதற்கு முந்தையது என்று சொல்லப்பட்ட சிங்கிள் மால்ட் பத்து இருந்தன. பத்தும் போலி. ஒன்று கூடத் தேறவில்லை தம்பி. உங்கள் தம்பி பார்த்து வைத்திருப்பதும் அதே ரகம்தானே?

அவன் சொல்லிக் காட்டிய 1926 பாட்டிலை இதோடு சேர்க்க வேண்டாம். அது 263 என்ற எண்ணுள்ள ஒரே பீப்பாயிலிருந்து 1986இல் அடைத்த 40 பாட்டில்களில் ஒன்று. ஏலத்துக்கு முன் டிஸ்டிலரிக்காரர்களே அதன் கார்க்கை மாற்றி, ஒரு மில்லி எடுத்து, தங்களிடமுள்ள இன்னொரு 1926 பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இருக்கிற மனை.

ஏலத்துக்கு முன் பாட்டிலை நேரில் பார்க்க நாள் ஒதுக்குவார்கள். படத்தை நம்பாமல் போகச் சொல்லுங்கள். சின்ன பூதக்கண்ணாடி, ஊதா டார்ச் இரண்டும் கையில் இருக்கட்டும். பூதக்கண்ணாடியைப் போன் கேமரா மேல் வைத்து லேபிளைப் படம் எடுக்கலாம். அவனைத் திட்டாதீர்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் நான் திட்டி ஒன்றும் நடக்கவில்லை, கூடப் போய் நின்று பார்த்தபோதுதான் நடந்தது.

வாலாஜாக்காரன் எழுதியது:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் விவரம் சொல்ல வேண்டியது என் கடமை.

தம்பி ஒருநாள் லீவு போட்டுவிட்டு நேரில் போனான். பாட்டிலைக் கையில் கொடுத்தார்களாம், கையுறை போட்டுக்கொண்டு. அரக்கு கொஞ்சம் உதிர்ந்த இடத்தில் வாய் விளிம்பு தெரிந்திருக்கிறது. தையல் கோடு கழுத்திலேயே நின்றுவிட்டது. ஊதா டார்ச் அடித்தான், லேபிள் ஒளிரவில்லை, மங்கலாகவே இருந்தது. எனக்கு போன் செய்தபோது அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். இரண்டிலும் தேறிவிட்டது அண்ணா என்றான். எனக்கும் ஒரு நிமிஷம், நாம்தான் சந்தேகப் பிராணியாக இருந்துவிட்டோமோ என்று தோன்றியது.

அக்கா சொன்ன மாதிரி பூதக்கண்ணாடியை வைத்து ஏழெட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. கொசப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாம் அடிப்பவர். அவரிடம் போனை நீட்டினேன். எழுத்து இருந்த படங்களைப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது, கறுப்பு ஒரே மையாக நிற்கிறது என்றார். அடுத்த படத்தில் நிறுத்திவிட்டார். அது மூலையிலிருந்த காபிக் கறை. விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். "இங்க வாங்க, இதப் பாருங்க" என்று ஒரு காலண்டர் தாளை எடுத்து மேஜையில் போட்டு, அவருடைய லென்ஸை அதன் மேல் வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முருகர் படத்தின் மரக்கலர் பூராவும் நீலமும் ரோஜாவும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. பிறகு தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அந்தக் கறையும் அதே புள்ளிகள்.

கறை என்றால் காகிதத்தில் ஊறி ஓரத்தில் அடர்த்தியாக நிற்க வேண்டும், இது எங்கேயோ இருந்த ஒரு பழைய லேபிளைக் கறையோடு சேர்த்து ஸ்கேன் எடுத்து, பழைய தாளில் கலர் பிரிண்ட் போட்டது என்று அவர் சொன்னார். எழுத்தை மட்டும் மேலே தனியாகக் கறுப்பு மையில் ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் எழுத்து சுத்தமாக இருந்தது, தாளும் ஒளிரவில்லை.

தம்பிக்கு உடனே போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவனே அந்தப் படத்தை ஏலக் கம்பெனிக்கு அனுப்பி, விற்பவரிடம் வாங்கிய ரசீதோ முன்பு யாரிடம் இருந்தது என்ற விவரமோ இருக்கிறதா என்று கேட்டு எழுதினான். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பட்டியலிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. விற்பவரிடமே திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று தம்பி நினைக்கிறான். இன்னொரு ஊரில் இன்னொரு ஏலத்தில் இதே பாட்டில் வரலாம், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வேறு யாரும் மாட்டக்கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். பச்சைக் கண்ணாடி, கீழ் இடது மூலையில் கைவிரல் அளவுக் கறை, அரக்கில் வலது பக்கம் உதிர்ந்திருக்கும்.

அப்பாவிடம் அச்சகத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவருக்குத் தம்பி மேல் வருத்தம் இல்லை. "அவனே போய்ப் பாத்தான் இல்ல, அவனே எழுதினான் இல்ல, அது போதும்" என்றார். பணம் பேங்கிலேயே இருக்கிறது.

ராணிப்பேட்டை ஐயா, ஒரு உதவி. தம்பி முன்பே வாங்கி வைத்திருக்கிற பாட்டில்கள் பதினொன்று இருக்கின்றன. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றின் லேபிளையும் பூதக்கண்ணாடியில் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். அதில் ஒன்று 70 புரூஃப் (சாராய அளவைச் சொல்லும் பழைய பிரிட்டிஷ் கணக்கு) என்று போட்ட, எழுபதுகளைச் சேர்ந்த பாட்டில் என்று வாங்கியது. ஆனால் லேபிளின் அடியில் பொடி எழுத்தில் 40 சதவீதம் வால்யூம் என்றும் இருக்கிறதாம். அங்கே 1980இல்தான் சதவீதக் கணக்குக்கு மாறினார்கள் என்று அவன் படித்திருக்கிறான். இரண்டும் ஒரே லேபிளில் வர வாய்ப்பு உண்டா? வெளிநாட்டுக்கு அனுப்பிய பாட்டிலாக இருந்தால் அப்படிப் போடுவார்களா? படத்தை நாளைக்கு இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.